பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் ஆறு மாதம் கதையே வேறு. மானிட்டருக்கு ஒரு உறை, கீபோர்டுக்கு ஒரு உறை, தினமும் மெல்லிய துணியால் துடைப்பது என்று பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். ஏழாவது மாதம் உள்ளே இருந்து ஃபேன் 'கர்ர்' என்று சத்தம் போடும். அல்லது ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே வராது. அப்போதுதான் அலமாரியில் கிடக்கும் ஸ்க்ரூடிரைவர் நமக்கு ஞாபகம் வரும்.

"திறந்து பார்க்கலாமா?" என்று விவரம் தெரிந்தவர் யாரிடமாவது கேட்பீர்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறங்க. ஒண்ணும் ஆகாது."

நானும் பல வருடம் இதையே சொல்லி வந்தவன். சாஃப்ட்வேர் இன்ஜினியர், எலெக்ட்ரானிக்ஸ் படித்த பொறியியல் பட்டதாரி என்பதால் என் பேச்சை அப்படியே நம்பியவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு அடையாளமாக என் வலது கையில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் நடந்தது

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்த பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இரண்டு நாளாக உயிர் இல்லாமல் கிடந்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. அக்கா மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "மாமா, நீங்க இன்ஜினியர்தானே, சரி பண்ணுங்க" என்று பிடித்துக்கொண்டான்.

ஸ்விட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். கேபினட்டைத் திறந்து, மின்சாரம் தரும் இரும்புப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி வெளியே எடுத்தேன். உள்ளே ஃபியூஸ் போயிருக்கும் என்பது என் ஊகம். பெட்டியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பையன் டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ஷாக் அடிக்காதா?"

"பிளக்கைப் பிடுங்கியாச்சுடா. கரண்ட் எங்கேயிருந்து வரும்?"

"அப்ப நான் பிடிக்கட்டுமா?"

"இரு, நான் பார்த்துட்டுத் தர்றேன்."

போர்டைத் தூக்கித் திருப்பினேன். என் வலது கை விரல்கள் இரண்டு அடிப்பக்கத்தில் உள்ள ஈய முனைகளில் பட்டன. ஒரே வெட்டு! கை தானாக உதறி, கேபினட்டின் தகர விளிம்பில் போய் மோதியது. விரல் நுனியில் சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி. புறங்கையில் நீளமாக ஒரு கிழிசல். தோள் வரைக்கும் மரத்துப்போயிருந்தது. போர்டு தரையில் கிடந்தது. பையன் டார்ச்சைப் போட்டுவிட்டு "தாத்தா!" என்று கத்தினான்.

இரண்டு தையல் போட்டார்கள். வலி இரண்டு நாளில் போய்விட்டது. ஒரு நினைப்பு மட்டும் போகவில்லை. இன்னும் அரை நிமிடம் கழிந்திருந்தால் அந்த போர்டு பையன் கையில் இருந்திருக்கும். நான்தான் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் அதை பஜார் தெருவில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் எடுத்துப் போனேன். பல வருடமாக சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்திருப்பவர். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். பிளக்கைப் பிடுங்கினார். பேசிக்கொண்டே ஒரு டீ குடித்து முடித்தார். பிறகு ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயர் முனைகளை போர்டில் வைத்தார். பல்ப் ஒரு கணம் பளிச்சென்று மின்னி அணைந்தது.

"பார்த்தீங்களா தம்பி. பிளக் அங்க கிடக்கு. கரண்ட் இங்க இருக்கு."

"ஆமாண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நீங்க காலேஜ்ல இதைத்தானே படிச்சீங்க?"

படித்தேன்தான். கெபாசிட்டரில் மின்னழுத்தம் எப்படிக் குறைகிறது என்ற சமன்பாட்டைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தச் சமன்பாடு என் வீட்டு மேசையின் கீழே ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

கெபாசிட்டர் என்ன செய்கிறது?

கெபாசிட்டரை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டாலும் தொட்டியில் ஏற்றிய தண்ணீர் அங்கேயே இருக்கும். குழாயைத் திறந்தால் கொட்டும். அதே போல, மின்சாரம் வரும் வழியை நிறுத்தினாலும் கெபாசிட்டரில் ஏறிய மின்சாரம் உள்ளேயே இருக்கும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். வேறு வழி இல்லாதபோது உங்கள் விரல் பட்டால், விரல்தான் வழி.

இதை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். கொசு பேட் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பட்டனை விட்ட பிறகும் கம்பி வலையில் கொசு பட்டால் 'பட்' என்று வெடிக்கிறது அல்லவா? உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டரின் வேலைதான் அது. லேப்டாப் அடாப்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள சின்ன விளக்கு சில நொடி எரிந்து மெல்ல மங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கதைதான்.

இந்த விஷயத்தில் ஏமாந்தவன் நான் மட்டும் அல்ல. கெபாசிட்டரின் மூதாதை 'லைடன் ஜாடி' என்ற கண்ணாடிக் குடுவை. 1745-ல் ஜெர்மனியில் வான் கிளைஸ்ட் என்பவரும், அடுத்து 1746-ல் ஹாலந்தின் லைடன் நகரில் பேராசிரியர் மூஷன்புரூக்கும் அதைத் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள். இருவரும் அதன் அதிர்ச்சியை உடம்பில் வாங்கித்தான் தெரிந்துகொண்டார்கள். பிரான்ஸ் நாட்டையே கொடுத்தாலும் இன்னொரு முறை அதைத் தொடமாட்டேன் என்ற கருத்தில் மூஷன்புரூக் பாரிஸுக்குக் கடிதம் எழுதினார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750-ம் ஆண்டு டிசம்பரில், இரண்டு பெரிய ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரு வான்கோழியைக் கொல்லப் போய், தவறுதலாகத் தானே அதை வாங்கிக்கொண்டார். ஃபிராங்க்ளினுக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏ.சி. மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். அதை முதலில் டி.சி.யாக மாற்றி, பெரிய கெபாசிட்டரில் சேர்க்கிறது. 230 என்பது சராசரி போன்ற ஒரு அளவு. அலையின் உச்சம் அதைப் போல் 1.414 மடங்கு. ஆக, கெபாசிட்டரில் சேர்வது சுமார் 325 வோல்ட். சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டை விட உள்ளே இருப்பது அதிகம்!

எங்கள் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். பழைய மாடல். பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் உள்ளது. அந்த வகையில் இரண்டு பெரிய கெபாசிட்டர்கள் இருக்கும். எங்களுடையதில் ஒவ்வொன்றிலும் 470 மைக்ரோஃபாரட், 200 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. 325 வோல்ட்டை இரண்டும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டிலும் சேர்த்து இருக்கும் ஆற்றல் சுமார் 12 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால் எவ்வளவு ஆற்றலோ, அவ்வளவு. கொசு பேட்டில் இருப்பது ஒரு ஜூலில் சிறு பகுதிதான்.

இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' என்ற சுற்று இருக்கிறது. அதில் ஒரே பெரிய கெபாசிட்டரில் 380 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறார்கள். ஆற்றல் நான் வாங்கியதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். புது மாடல் என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு ஒரே கையின் இரண்டு விரல்களில் பட்டது. அதனால் கையோடு போயிற்று. ஒரு முனையில் இடது கையும் மறு முனையில் வலது கையும் பட்டிருந்தால் மின்சாரம் மார்பின் வழியாகப் போயிருக்கும். இதயம் அங்கேதான் இருக்கிறது.

ஷட் டவுன், ஸ்விட்ச், பிளக் - மூன்றும் வேறு வேறு

புதியவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஷட் டவுன்: இது விண்டோஸை மூடுவது, அவ்வளவுதான். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் முன்பக்கப் பட்டன் மின்சாரத்தை நேரடியாக வெட்டுவது இல்லை. 'எழுந்திரு', 'தூங்கு' என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது. தூங்கும்போதும் 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். ஷட் டவுன் செய்த பிறகும் சிலர் வீட்டில் மவுஸின் சிவப்பு விளக்கு எரிவது இதனால்தான். அந்த நேரத்தில் எஸ்.எம்.பி.எஸ். கெபாசிட்டர் முழுதாக நிரம்பியிருக்கும்.

சுவர் ஸ்விட்ச்: இதை அணைத்தால் மின்சாரம் வருவது நிற்கும். ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வழியாக இணைந்திருந்தால்? சுவர் ஸ்விட்சை அணைத்தால் யு.பி.எஸ். 'கரண்ட் போய்விட்டது' என்று நினைத்துத் தன் பேட்டரியில் இருந்து 230 வோல்ட்டைத் தயாரித்துக் கொடுக்கும். அதற்குத்தானே அதை வாங்கினோம்! ஆகவே கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள பவர் கேபிளையே உருவ வேண்டும்.

பிளக்: பிடுங்கினால் புது மின்சாரம் வராது. ஏற்கெனவே ஏறியது இறங்க நேரம் ஆகும். என் 'ஒண்ணும் ஆகாது' பொய்யானது இந்த இடத்தில்தான்.

தானாக இறங்கிவிடாதா?

நியாயமான கேள்வி. விவரம் தெரிந்தவர்கள் என்னிடம் வாதாடுவதும் இதைச் சொல்லித்தான். "உள்ளே பிளீடர் ரெசிஸ்டர் இருக்கும். அதுவே இறக்கிவிடும். நீ எதற்கு எல்லாரையும் பயமுறுத்துகிறாய்?"

தொட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வைத்ததுபோல, கெபாசிட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அதுதான் பிளீடர். 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் பெருக்கக் கிடைப்பது சுமார் 103 நொடி. ஒவ்வொரு 103 நொடிக்கும் மின்னழுத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். அதாவது:

பிளக்கைப் பிடுங்கும்போது - 325 வோல்ட்
103 நொடியில் - சுமார் 120 வோல்ட்
206 நொடியில் - சுமார் 44 வோல்ட்
309 நொடியில் - சுமார் 16 வோல்ட்

ஐந்து நிமிடம் பொறுத்தால் பெரும்பகுதி இறங்கிவிடும். உண்மைதான். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த ரெசிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும். ரெசிஸ்டரும் ஒரு பாகம்தானே? வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அதுவும் போகும். அது போனாலும் கம்ப்யூட்டர் வழக்கம்போல வேலை செய்யும். வெளியில் இருந்து உங்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பிளக்கைப் பிடுங்கியதும், அதன் சொந்தச் சுற்றே மிச்ச மின்சாரத்தில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். பழுதானதில் குடிக்க ஆள் இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் நடந்தது இதுவே. ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஸ்டாண்ட்பை சுற்று செத்துப்போயிருந்தது. ஒரு பிளீடர் ரெசிஸ்டரும் கருகியிருந்தது. இறங்க வழியே இல்லை.

நன்றாகக் கவனியுங்கள். ஓடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை யாரும் திறப்பது இல்லை. ஓடாததைத்தான் திறப்போம். அதில்தான் ஆபத்து அதிகம்!

ஸ்க்ரூடிரைவர் வைத்தியம் வேண்டாம்

"கெபாசிட்டரின் இரண்டு காலையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டினால் போதும்." இப்படிச் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். செய்து காட்டும் வீடியோக்களும் உண்டு. தீபாவளி வெடிபோல 'டப்' என்று சத்தம் வரும். பார்ப்பவருக்கு வீரம் போலத் தெரியும்.

இது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஸ்க்ரூடிரைவர் இரும்பின் மின்தடை மிக மிகக் குறைவு. சேர்ந்திருந்த மின்சாரம் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் பாயும். அந்தக் கணத்தில் ஓடும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தொடும். முனையில் உலோகம் உருகித் துளியாகத் தெறிக்கும். நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள், துளி கண்ணுக்கு வரும். கெபாசிட்டரும் போர்டில் உள்ள செம்புப் பாதையும் கெடவும் வாய்ப்பு உண்டு. முக்கியமாக, தட்டிய பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்கும் பழக்கம் அந்த வைத்தியத்தில் இல்லை.

பழகியவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

கீழே உள்ளது எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்களுக்கும் ரிப்பேர் கற்றுக்கொள்பவர்களுக்கும்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், செய்து பார்க்க வேண்டாம். கற்றுக்கொள்பவர்களும் முதல் சில முறை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

1. பவர் கேபிளைக் கம்ப்யூட்டரில் இருந்து முழுவதும் உருவுங்கள். முன்பக்கப் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பத்து நிமிடம் பொறுங்கள்.

2. மோதிரம், வாட்ச், உலோக வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஈரக் கை கூடாது. காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள். தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள்.

3. போர்டை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். அளக்கும்போது ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள். மறு கையை சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

4. மல்ட்டி மீட்டரை டி.சி. 600 அல்லது 1000 வோல்ட் அளவில் வையுங்கள். முதலில் ஒரு 9 வோல்ட் பேட்டரியை அளந்து மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கெபாசிட்டரை அளவுங்கள்.

5. மின்னழுத்தம் மிச்சம் இருந்தால் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்க வேண்டும். 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதன் இரண்டு கால்களிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரை சாலிடர் செய்து, வெறும் உலோகம் தெரியாமல் ஸ்லீவ் போட்டு மூடி, பிளாஸ்டிக் பிடி உள்ள புரோப்களை மாட்டிக்கொள்ள வேண்டும். இதை ஒவ்வொரு கெபாசிட்டரின் முனைகளிலும் பத்து நொடி வைத்தால் போதும். தொடக்கத்தில் ஓடுவது 0.15 ஆம்பியர்தான். பொறி இல்லை, சத்தம் இல்லை. ரெசிஸ்டரைக் கையால் பிடிக்காதீர்கள்.

6. மறுபடி அளவுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு முறை அளவுங்கள். இறக்கி முடித்த கெபாசிட்டரில் கொஞ்சம் மின்னழுத்தம் தானாகத் திரும்ப ஏறுவது உண்டு. ஏறியிருந்தால் மறுபடி இறக்குங்கள்.

7. கடைசியாகப் பேட்டரியை மீண்டும் ஒரு முறை அளந்து, நடுவில் மீட்டர் கெட்டுப்போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். கெட்டுப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்!

ரிப்பேர் கடை அண்ணன் பயன்படுத்திய குண்டு பல்பும் ஒரு ரெசிஸ்டர்தான். பழைய டங்ஸ்டன் இழை பல்பாக இருந்தால் வேலை செய்யும். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. மின்னழுத்தம் ஓரளவு குறைந்ததும் அது மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும். பல்ப் அணைந்துவிட்டது என்று கையை வைத்தால் மிச்சம் உங்களுக்கு.

அப்படியானால் கேபினட்டையே தொடக் கூடாதா?

தாராளமாகத் தொடலாம். பயந்து ஒதுங்குவதும் எனக்குப் பிடிக்காத விஷயம். தூசி தட்டுவது, ரேம் மாற்றுவது, ஹார்ட் டிஸ்க் சேர்ப்பது எல்லாம் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள். பவர் கேபிளை உருவிவிட்டு, முன்பட்டனைச் சில நொடி அழுத்தினால் மதர்போர்டில் உள்ள மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். மதர்போர்டில் ஓடுவது 12 வோல்ட்டும் அதற்குக் குறைவும்தான். அங்கே உள்ள சின்னக் கெபாசிட்டர்கள் உங்களை ஒன்றும் செய்யாது.

ஆனால் நினைவிருக்கட்டும். அந்தப் பட்டன் தந்திரம் மதர்போர்டுக்குத்தான் உத்தரவாதம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் எல்லாம் இறங்கிவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஆகவே கோடு எளிது. கேபினட் ஸ்க்ரூ உங்களுடையது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் நாலு ஸ்க்ரூ உங்களுடையது அல்ல. அது போய்விட்டது என்று தெரிந்தால் பெட்டியை முழுதாகக் கழற்றி, திறக்காமலே கடைக்கு எடுத்துப் போங்கள், அல்லது வேறு வாங்கி மாட்டுங்கள். லேப்டாப் அடாப்டரைப் பிளந்து பார்ப்பது, யு.பி.எஸ்.ஸைத் திறப்பது, பரணில் கிடக்கும் பழைய டப்பா மானிட்டரைக் குடைவது ஆகியவையும் இதே பட்டியலில் சேரும். அந்த மானிட்டரின் படக்குழாயே ஒரு கெபாசிட்டர்போல வேலை செய்யும். ஓடும்போது அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பழைய இரும்புக்காக அதை உடைக்கக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், என்னைப் போன்ற 'விவரம் தெரிந்தவர்கள்'. யாராவது கேட்டால் "பிளக்கைப் பிடுங்கு, ஒண்ணும் ஆகாது" என்று பாதிப் பதில் சொல்வதை நிறுத்த வேண்டும். "கேபிளை உருவு, பட்டனை அழுத்து, அந்த இரும்புப் பெட்டியை மட்டும் திறக்காதே" என்று முழுதாகச் சொல்ல எத்தனை நொடி ஆகிவிடும்?

இரண்டாவது, தயாரிப்பாளர்களும் விற்பவர்களும். எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில். அதைத் தாண்டித்தான் நான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். 'பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும், திறக்காதீர்கள்' என்று தமிழில் ஒரு வரி பெரிதாக அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? கம்பெனி செய்யாவிட்டாலும், அசெம்பிள் செய்து விற்கும் கடைக்காரர் ஒரு சீட்டு அடித்து ஒட்டலாமே!

மூன்றாவது, கல்லூரிகள். கெபாசிட்டர் சமன்பாட்டை நாங்கள் நாலு வருடத்தில் எத்தனையோ முறை எழுதினோம். லேபில் நாங்கள் கையாண்டது 5 வோல்ட், 12 வோல்ட். 325 வோல்ட் கெபாசிட்டரை எப்படி அளப்பது, எப்படி இறக்குவது என்று எனக்கு யாரும் கையைப் பிடித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அரை மணி நேரச் செய்முறை போதும், அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு மல்ட்டி மீட்டர், ஒரு ரெசிஸ்டர், தெரிந்த ஒரு ஆசிரியர் இருந்தால் போதும்.

நான்காவது, நீங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் நீங்கள் சொல்வதை விட, செய்வதைத்தான் பார்க்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள்.

அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் திரும்ப மாட்டவில்லை. புதிது வாங்கி மாட்டினேன். அக்கா மகன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் மேசை டிராயரில் சிவப்பு, கருப்பு ஒயர் போட்ட ஒரு சிமென்ட் ரெசிஸ்டர் இருக்கிறது. ரிப்பேர் கடை அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்து அவனுக்குச் செய்துகாட்டிக் கொடுத்தது. போன முறை ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அம்மா கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று வந்தார்கள். நான் எழுந்திருக்கும் முன்பே பையன் சொன்னான்:

"அத்தை, கேபிளை உருவுங்க. மத்ததை நான் வந்து பார்க்கிறேன். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம்."

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.